பழம்பாட்டும் பழுதுற்ற செவியும்

சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவு முடிந்து யாவரும் எழுந்த வேளையில், இளைஞர் ஒருவர் எம்மை அணுகி ஒரு வினாவைத் தொடுத்தார். "ஐயா, பற்றினை விடுதலே துன்பம் தீரும் வழி என்று ஒரு மணி நேரம் உரைத்தீர்கள். ஆயின், இன்று காலை பேருந்தில் வரும்போது தங்கள் காதில் செருகியிருந்த கருவியில் ஆங்கிலப் பாட்டு ஒன்று ஒலித்ததை இரண்டு இருக்கைகளுக்கு அப்பாலிருந்தே கேட்டேன். ஐம்பத்தைந்து வயதில், பிறர்க்கு அறம் உரைக்கும் ஒருவர்க்கு இது தகுமா?" என்றார்.

சுற்றி நின்றோர் நகைத்தனர். யாமும் நகைத்து, "நல்ல பாட்டு மனத்திற்கு மருந்து, தம்பி" என்று கூறி அவரை அனுப்பிவிட்டோம். அஃது விடை அன்று, தப்பிக்கும் வழி. வினவியவர் உண்மையான விடைக்கு உரியவர். அவர்க்கு யாம் பட்ட கடனை இக்கட்டுரையில் தீர்க்க முயல்கின்றோம்.

வினா சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் அதனுள்ளே ஒரு பெருவினா அடங்கியுள்ளது. இளமையில் நெஞ்சைக் கவர்ந்த ஒன்றை முதுமையிலும் விடாது போற்றுதல் அன்பா, பற்றா? அன்பு எவ்விடத்தில் நின்று பற்று எவ்விடத்தில் தொடங்குகின்றது? நூல்களைப் புரட்டி விடை கூறுவதினும், எம் வாழ்வில் நேர்ந்ததைக் கூறி விடை தேடுவதே நேர்மை எனக் கருதுகின்றோம்.

எட்டாம் வகுப்போடு எம் பள்ளிப்படிப்பு நின்றது. பத்தொன்பதாம் வயதில் பெங்களூரில் ஒரு பஞ்சாலையின் தறிக்கூடத்திற் சேர்ந்தோம். நாடா பாயும் தறிகள் நூற்றுக்கணக்கில் ஒருங்கே இயங்கும் அவ்விடத்தில் மனிதக் குரலுக்கு வேலையே இல்லை. உதட்டசைவாலும் கைச்சாடையாலுமே பேசிக்கொள்வோம். பணி முடிந்து வெளியே வந்த பின்னும் ஒரு மணி நேரத்திற்குக் காதினுள் தறி ஓடிக்கொண்டேயிருக்கும்.

அடுத்த தறியில் நின்றவர் எம்மினும் ஆறு வயது மூத்தவர். அண்ணன் என்றே அழைப்போம். கண்டோன்மெண்ட் பகுதியிற் பிறந்து வளர்ந்தமையால் ஆங்கிலப் பாட்டு அவர்க்குத் தாலாட்டுப் போலப் பழகியிருந்தது. நடைபாதைக் கடைகளில் பழைய ஒலிநாடாக்களைப் பேரம் பேசி வாங்கி வருவார். இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் அவருடைய ஒற்றை அறையில் அமர்ந்து கேட்போம். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், தி ஹூ என்னும் மூன்று ஆங்கில இசைக்குழுக்களும் எம் இளமையின் முப்பெருஞ் செல்வங்கள் ஆயின.

தமிழ்த் தொழிலாளிக்கு இங்கிலாந்துப் பாட்டோடு என்ன உறவு என்று வினவுவோர் உளர். உறவு பஞ்சிலேயே இருந்தது. பீட்டில்ஸ் நால்வரும் பிறந்த லிவர்பூல் நகரம் ஒரு காலத்தில் லங்காஷயர் ஆலைகளுக்கு வேண்டிய பருத்தி வந்து இறங்கிய துறைமுகம். இந்தியப் பருத்தியும் அங்கே இறங்கியதுண்டு. அந்நால்வருள் ஜார்ஜ் ஹாரிசனின் தந்தை பேருந்து ஓட்டுநர். பால் மக்கார்ட்னியின் தந்தை பருத்தி வணிகம் செய்யும் நிறுவனத்தில் விற்பனையாளர். இவற்றை அண்ணன் எமக்குச் சொன்ன இரவில், நம்மவர் வீட்டுப் பிள்ளைகளே கிதாரைக் கையிலெடுத்துப் பாடுவது போன்ற உணர்வு எமக்கு உண்டாயிற்று.

பாட்டின் சொற்களைக் காதால் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதுவோம். அண்ணன் அதனை ஆங்கிலத்தில் திருத்தி எழுதித் தருவார். பின்னர் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பொருள் காண்போம். எமக்கு ஆங்கிலம் கற்பித்த பள்ளி அதுவே. பிற்காலத்தில் பேராசிரியர் லட்சுமி நரசு 1907-இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலையும், பாபாசாகேப் அம்பேத்கர் மறைந்த பின் 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலையும் மூலத்திலேயே படிக்கும் பேறு எமக்குக் கிட்டிற்று. அதற்கு வித்திட்டவை அந்த ஒலிநாடாக்கள். இந்நன்றியை மறைப்பது பொய்யாகும்.

இதுவரை சொல்லியது அன்பு. இனிச் சொல்வது அன்பு திரிந்த கதை.

2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் பெங்களூர் அரண்மனைத் திடலில் பாட வந்தனர். எம் ஆலை மூடப்பட்டுவிட்ட காலம் அது. நுழைவுச் சீட்டு வாங்கும் நிலையில் அண்ணனும் இல்லை, யாமும் இல்லை. ஆகவே திடலுக்கு வெளியே சாலையோரத்தில் நின்று, காற்று கொண்டு வந்த மட்டும் கேட்டோம். பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது வயது 59. டிரம் வாசித்த சார்லி வாட்ஸுக்கு 61. திரும்பி நடக்கும்போது யாம் குறைப்பட்டுக்கொண்டோம். "ஒலிநாடாவில் இருந்த குரல் இல்லையே, அண்ணே. வேகமும் இல்லை. கிழவர்கள் எதற்காகப் பாட வேண்டும்?" என்றோம்.

அண்ணன் சற்று நேரம் பேசாது நடந்தார். பின்னர், "அறுந்த நூலை முடிவதற்கு முதல் ஆண்டில் உனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது? ஆலையை மூடிய ஆண்டில் எவ்வளவு நேரம் பிடித்தது? கிழவன் எதற்காகத் தறி ஓட்ட வேண்டும் என்று மேஸ்திரி உன்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?" என்று வினவினார். எமக்கு அப்போது முப்பதைக் கடந்த வயது. விடை தெரியவில்லை, சினம் மட்டும் வந்தது.

இன்று எண்ணிப் பார்க்கும்போது, அச்சினத்தின் வேர் தெரிகின்றது. யாம் அன்று அவர்கள் பாட்டைக் கேட்கப் போகவில்லை. எம் இருபது வயதைத் திரும்பப் பெறப் போயிருந்தோம். அதனை அவர்கள் கொண்டு வரவில்லை என்பதே எம் குறை. கடையில் கொடுத்து வைத்த பொருளைத் திருப்பிக் கேட்பவனைப் போல, தன் இளமையைப் பாடகனிடம் திருப்பிக் கேட்கின்றான் இரசிகன். பாடகன் அதனை வாங்கி வைத்திருக்கவில்லை. அவனுடைய இளமையும் அவனிடம் இல்லை.

தி ஹூ குழுவின் கதை இன்னும் கூரியது. அக்குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தம் இருபதாம் வயதில், 1965-இல், முதுமையை வெறுத்து இகழும் பாட்டு ஒன்றை இயற்றினார். 'மை ஜெனரேஷன்' என்பது அதன் பெயர். இளைஞர் உலகம் அதனைத் தன் கொடியாக உயர்த்திற்று. அக்குழுவில் டிரம் வாசித்த கீத் மூன் 1978-இல் தம் 32-ஆம் வயதில் இறந்தார். ஜான் எண்ட்விசில் 2002-இல் 57-ஆம் வயதில் மறைந்தார். எஞ்சிய இருவரும் எண்பதைத் தொட்ட பின்னும் 2025-இல் மேடை ஏறினர். முதுமையை இகழ்ந்தவர்க்கு முதுமை தண்டனையாக வந்தது என்று சிலர் ஏளனம் செய்வர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தாம் இருபதில் எய்த அம்பு எண்பதில் தம்மையே நோக்கி வருவதைக் கண்டும், ஓடி ஒளியாது மேடையில் நின்றார்களே, அது ஆண்மை.

பீட்டில்ஸ் குழுவோ 1970-இல் பிரிந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் பிரிவுச் செய்தி வெளியானபோது நால்வருள் ஒருவரும் முப்பது வயதை எட்டியிருக்கவில்லை. ஆதலின் ஒலிநாடாவில் அவர்கள் என்றும் இளைஞர்களே. இதனைக் கொண்டு, "பீட்டில்ஸ் கெடவில்லை; ஸ்டோன்ஸ் கெட்டுவிட்டது" என்று பல்லாண்டு வாதாடியிருக்கின்றோம். ஒரு குழு முதுமையடைய வாய்ப்பின்றிப் போயிற்று, மற்றொன்று முதுமையடைந்தது. இதில் பெருமை எங்கே, சிறுமை எங்கே? கொடியிலேயே உலர்ந்த அரும்பைக் காட்டி, அலர்ந்து வாடிய மலரை இகழ்வது போன்றதன்றோ அவ்வாதம்!

பாடகரிடம் செய்த பிழை தொலைவில் நிற்பது. அதனால் அவர்களுக்கு ஒரு குறைவும் இல்லை. அதே பிழையை வீட்டினுள்ளும் செய்தோம்.

2019-ஆம் ஆண்டில் எம் மகன் கல்லூரியிற் சேர்ந்த புதிதில், தன் கைப்பேசியை ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைத்து ஒரு பாட்டை ஒலிக்கச் செய்து, "அப்பா, இதைக் கொஞ்சம் கேளுங்கள்" என்றான். டிரம் அதிர்ந்தது; யாரோ விரைவாக எதையோ கூறிக்கொண்டே போனார்கள். ஒரு சொல்லும் எமக்கு விளங்கவில்லை. அரை நிமிடம் கேட்டோம். "இது பாட்டா? வெறும் இரைச்சல். நாங்கள் கேட்டது இசை" என்றோம். அவன் வாதிடவில்லை. பெட்டியை அணைத்தான். அதன்பின் நான்கு ஆண்டுகள் எம் வீட்டில் அவன் பாட்டு ஒலிக்கவே இல்லை; காதுக் கருவியிலேயே கேட்டுக்கொண்டான். அவனுடைய மௌனத்தை மரியாதை என்று எண்ணி யாம் மகிழ்ந்தோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சொற்பொழிவின் இறுதியில் அன்பர்கள் கேட்கும் வினாக்கள் எமக்குச் சரியாக எட்டுவதில்லை என்று வீட்டார் வற்புறுத்தியமையால், மருத்துவமனை ஒன்றில் செவித்திறன் சோதனைக்குச் சென்றோம். ஒலி புகாத சிறு அறையில் அமர்த்தி, காதுகளிற் கருவியைப் பொருத்தி, ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்துமாறு கூறினர். முதலில் தாழ்ந்த ஓசைகள் வந்தன, அழுத்தினோம். பின்னர் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. சோதனை முடிந்ததென எண்ணி எழ முற்பட்டோம். கண்ணாடிக்கு அப்பால் நோக்கினால், அவ்வம்மையார் இன்னும் விசைகளைத் திருப்பிக்கொண்டும் எம் கையை உற்று நோக்கிக்கொண்டும் இருந்தார். ஓசைகள் வந்துகொண்டே இருந்தன. எமக்குத்தான் எட்டவில்லை.

பிறகு அவர் விளக்கிய செய்தியை அன்பர்கள் யாவரும் அறிதல் நலம். உட்செவியில் நத்தை ஓடு போன்று சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர் அணுக்கள் ஒலியை ஏற்று நரம்புக்கு அனுப்புகின்றன. மனிதனுக்கு அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஓசையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் நின்றால் அவை சிறுகச் சிறுக மடிகின்றன. நாடாத் தறிக்கூடத்தின் ஓசையோ 100 டெசிபெலை ஒட்டியது. உயர்ந்த தொனிகளை ஏற்கும் அணுக்களே முதலில் மடிவன. முதுமையும் அவ்வழியே வந்து அவற்றையே முதலில் தீண்டுகின்றது. ஆலையும் வயதும் சேர்ந்து எம் செவியின் மேல்மாடியை இடித்துவிட்டிருந்தன.

பேச்சில் உயிரெழுத்தின் ஓசை வலியது, தாழ்ந்த தொனியது. 'ச', 'த', 'ப' போன்ற வல்லின மெய்களின் ஓசையும் 'ஸ', 'ஷ' போன்றவற்றின் ஓசையும் மெலியவை. பெரிதும் உயர்ந்த தொனியில் நிற்பவை. ஆதலின் எம்மைப் போன்றோர்க்குப் பேச்சு கேட்கும், சொல் விளங்காது. உயிர் எட்டும், மெய் எட்டாது. விரைந்து அடுக்கிய சொற்களாலேயே நடக்கும் பாட்டில் மெய்யெழுத்துகளை எடுத்துவிட்டால் எஞ்சுவது இரைச்சல்தான். மகனுடைய பாட்டு எமக்கு இரைச்சலாகக் கேட்டது உண்மை. அவ்விரைச்சல் பாட்டில் இருந்தது என்று யாம் கொண்டதே பொய். மெய் எட்டாத செவியை வைத்துக்கொண்டு மெய்யான தீர்ப்பு வழங்கிவிட்டதாக நான்கு ஆண்டுகள் இறுமாந்திருந்தோம்!

அவ்வாறாயின், பீட்டில்ஸ் பாட்டு மட்டும் எமக்கு எவ்வாறு இன்றும் முழுமையாகக் கேட்கின்றது? இதனைப் பல நாள் எண்ணிப் பார்த்தோம். ரிங்கோ ஸ்டார் தட்டும் வெண்கலத் தட்டின் மெல்லிய அதிர்வு எம் செவிக்கு இன்று எட்டுவதற்கில்லை. எனினும் அது கேட்பதாகவே தோன்றுகின்றது. ஏனெனில், அவ்விடத்தில் அந்த ஓசை வரும் என்று நினைவு அறியும். செவி விட்ட இடத்தை நினைவு நிரப்பி விடுகின்றது. பத்து வயது முதல் முப்பது வயது வரை பெற்ற அனுபவங்களே முதியவர் நெஞ்சில் மிக அழுத்தமாக நிற்பன என்று உளவியலார் கூறுகின்றனர். பழம்பாட்டை நாம் செவியால் மட்டும் கேட்பதில்லை. முப்பது ஆண்டு நினைவும் உடனிருந்து கேட்கின்றது. புதுப்பாட்டைக் கேட்கச் செவி ஒன்றே துணை; அச்செவியும் பழுதுற்றது. இவ்விரண்டையும் ஒரே தராசில் இட்டு, "அக்காலத்து இசையே இசை" என்று தீர்ப்புக் கூறுவது எவ்வகை நீதி? ஒரு தட்டில் முன்னரே கல் வைத்திருக்கும் வணிகனுடைய நீதி அது.

செவிக்குச் சொன்னது சிந்தைக்கும் பொருந்தும். "இக்காலத்துப் பிள்ளைகளிடம் பணிவு இல்லை, இக்காலத்துச் சோற்றில் சுவை இல்லை, இக்காலத்துப் பேச்சில் பொருள் இல்லை" என்று நாம் வழங்கும் தீர்ப்புகளுள் எத்தனை, உலகத்தைப் பற்றியவை, எத்தனை, நம் கருவியின் பழுதைப் பற்றியவை? ஆராய்ந்து பார்த்தவர் மிகச் சிலர். கருவியைச் சோதிக்காமல் பொருளைப் பழிப்பது முதுமைக்கு இயல்பாக வரும் குற்றம். மூத்தோர் சொல் என்னும் மதிப்பு அக்குற்றத்தை மூடி மறைப்பதால் அதன் தீமை இரட்டிக்கின்றது.

இவ்விடத்தில், பால் மக்கார்ட்னியின் தந்தையார் ஜிம் மக்கார்ட்னியை நினைத்துக்கொள்கின்றோம். பருத்தி விற்பனையாளரான அவர் 1920-களில் தாமே ஒரு ஜாஸ் இசைக்குழுவை நடத்தியவர். சிறு வயதில் விழுந்தமையால் ஒரு காதின் சவ்வு கிழிந்தவர். மகனுடைய பதினான்காம் பிறந்த நாளுக்கு அவர் ஒரு டிரம்பெட் ஊதுகுழல் பரிசளித்தார். அதனை வாயில் வைத்தால் பாட இயலாதே என்று எண்ணிய மகன், கடையிற் கொடுத்துக் கிதாராக மாற்றிக்கொள்ளத் தந்தையிடம் இசைவு கேட்டான். தந்தை இசைந்தார். தாம் ஆசையோடு கொடுத்த பழைய இசையை மகன் கொடுத்துவிட்டுப் புதிய இசையை வாங்கி வருவதற்கு ஒரு தந்தை இசைந்த அந்த நிமிடத்தில், உலகிற்கு ஒரு பெரும் பாட்டுச் செல்வம் பிறந்தது எனலாம்.

அவரும் குறை சொல்லாதவர் அல்லர். 1963-இல் 'ஷி லவ்ஸ் யூ' என்னும் பாட்டை மகனும் ஜான் லெனனும் தம் வீட்டில் அமர்ந்து முடித்துப் பாடிக் காட்டியபோது, அதில் திரும்பத் திரும்ப வரும் அமெரிக்கக் கொச்சைச் சொல்லை நீக்கி முறையான ஆங்கிலச் சொல்லை இடலாகாதா என்று வினவினார். இளைஞர்கள் நகைத்து மறுத்துவிட்டனர். அவர் கருத்தைச் சொன்னார், கதவை மூடவில்லை. 1974-இல், அத்தந்தை முன்னொரு காலத்தில் இயற்றிய ஒரு மெட்டினை மகன் நாஷ்வில் நகரில் தேர்ந்த கலைஞர்களோடு பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டார். தந்தை மறைந்தது 1976-இல். மகனுடைய பாட்டுக்கு இடம் கொடுத்த தந்தையின் பாட்டுக்கு, மகனிடத்திலும் இடம் இருந்தது.

இவ்வரலாற்றை யாம் பல்லாண்டு அறிந்திருந்தும், ஜிம் மக்கார்ட்னியின் இடத்தில் யாம் நிற்கின்றோம் என்பதை மட்டும் அறியவில்லை. இசைக்குழுவைப் பற்றிய ஒவ்வொரு செய்தியையும் மனப்பாடம் செய்திருந்தோம். அவற்றுள் எமக்கென இருந்த ஒன்றைத் தவற விட்டோம்.

சோதனை முடிந்து வந்த அன்று இரவே மகனிடம் சென்று, "அன்று இரைச்சல் என்றோமே, அது எம் காதின் இரைச்சல். அப்பாட்டின் சொற்களை எழுதிக் கொடு" என்றோம். அவன் எம் முகத்தைச் சற்று நேரம் நோக்கினான். பின்னர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். முப்பது ஆண்டுகளுக்கு முன் அண்ணன் எழுதித் தந்தது போலவே! முதலிற் படித்தோம், பின்பு தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டோம். சொற்கள் ஒவ்வொன்றாகத் தலை காட்டின.

அப்பாட்டைப் பாடியோர், 2018 சனவரியில் சென்னையில் முதன்முதல் மேடையேறிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவினர். கானாவும் பறையும் கிதாரும் விரைசொற் பாட்டும் அவர்களிடம் ஒன்றாக நிற்கின்றன. அக்குழுவின் பெயருக்கு மூலமாக நின்றது, பண்டிதர் அயோத்திதாசர் வழங்கிய 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் சொல். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அப்பெரியாரின் பெயரை ஞாயிறுதோறும் மேடையில் எடுத்துரைக்கின்ற யாம், அவர் சொல்லைத் தாங்கி எம் வீட்டினுள்ளேயே வந்த பாட்டை அரை நிமிடத்தில் வெளியே அனுப்பியிருந்தோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

அப்பாட்டுகளைப் பீட்டில்ஸ் பாட்டுகளைப் போல யாம் விரும்புகின்றோம் என்று கூறினால் அது பொய். இருபதில் விரும்பியதைப் போல ஐம்பத்தைந்தில் விரும்ப நெஞ்சுக்கு வலிமை இல்லை. ஆயின், விரும்புதல் வேறு, மதித்தல் வேறு. விருப்பம் நம் வசத்தில் இல்லை. மதிப்பு நம் வசத்தில் உள்ளது. பொறுமையாகக் கேட்பதும், கேளாததைக் கேட்டு அறிவதும், விளங்காததைப் பழியாதிருப்பதும் எவ்வயதினர்க்கும் இயலும்.

இனி, இளைஞரின் வினாவிற்கு நேரே வருவோம். துறவியர் ஆடல் பாடலை நீக்குகின்றனர். எண்சீலம் ஏற்கும் உபோசத நாட்களில் இல்லறத்தாரும் நீக்குகின்றனர். அந்நாட்களில் யாமும் காதுக் கருவியைத் தொடுவதில்லை. ஏனைய நாட்களுக்குரிய பஞ்ச சீலத்தில் அத்தடை இல்லை. பஞ்சசிகன் என்னும் கந்தருவன் வீணை மீட்டிப் பாடியபோது, நரம்பின் இசையும் குரலின் இசையும் ஒன்றையொன்று மீறாது இயைந்தமையைப் பகவான் பாராட்டினார் என்று நூல் கூறுகின்றது. பாதம் புண்ணாகி இரத்தம் கசியும் வரை நடந்து நோன்பாற்றிய சோணருக்கு, மிக இறுக்கிய நரம்பும் மிகத் தளர்ந்த நரம்பும் இசை தாரா என்பதை வீணையைக் கொண்டே விளக்கினார். வாழ்வில் வீணை வாசித்தவருக்கு வீணையின் மொழியிலேயே அறம் உரைக்கப்பட்டது. அவர் பழைய இசையறிவு வீண் போகவில்லை.

ஆதலின் தம்பி, காதில் பாட்டு ஒலிப்பதைக் கொண்டு பற்றினை அளக்க இயலாது. அப்பாட்டு வேறொன்றைக் கேளாதபடி காதை அடைக்கின்றதா என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். பாடகன் மூப்படைவதைப் பொறுக்காத இடத்தில் எம் அன்பு பற்றாயிற்று. மகனுடைய பாட்டை அணைத்த இடத்தில் அப்பற்று தீவினையாயிற்று. எம்மிடம் விட வேண்டியது இருந்தது உண்மை. அது பாட்டு அன்று. பாட்டை அளவுகோலாக்கிய செருக்கு. தாங்கள் பேருந்தில் இரண்டு இருக்கைகளுக்கு அப்பாலிருந்து கேட்டதற்குக் காரணமும் இப்போது விளங்கியிருக்கும். செவி குறைந்தவன் ஒலியை மிகுத்து வைத்திருந்தான். அதனாற் பிறர்க்கு நேர்ந்த தொல்லைக்கு வருந்துகின்றோம். இனிக் குறைத்து வைப்போம்.

பீட் டவுன்ஷெண்டும் தம் செவி பழுதுற்றமையைப் பல்லாண்டுகளாக வெளிப்படையாகக் கூறி வருபவர். அவர் குழு 1976-இல் லண்டனில் நடத்திய கச்சேரியில், மேடைக்கு 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபெல் ஓசை பதிவாயிற்று. உலகின் மிக உரத்த கச்சேரி என்று அந்நாளில் கின்னஸ் நூல் அதனைக் குறித்தது. பாடியவரும் கேட்டவரும் செவியை இழந்தே அவ்வின்பத்தைப் பெற்றனர். இளம் அன்பர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக. பாட்டை நெடுங்காலம் காதலிக்க விரும்புவோர், ஒலியைச் சற்றுக் குறைத்துக் காதலிக்க வேண்டும். ஆலைகளிலும் பட்டறைகளிலும் பணி புரிவோர் காதுக்கு அடைப்பான் இன்றிப் பணியில் நிற்றல் கூடாது. எம் தலைமுறைக்கு அதனை எடுத்துச் சொல்வார் இல்லை.

மூத்தோர்க்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜெனிசிஸ் என்னும் ஆங்கிலக் குழுவின் ஃபில் காலின்ஸ், டிரம் வாசித்துப் புகழ் பெற்றவர். உடல் நலிவால் கோலைப் பிடிக்க இயலாத நிலை வந்தது. 2022 மார்ச் 26-ஆம் நாள் லண்டனில் நடந்த அக்குழுவின் இறுதிக் கச்சேரியில் அவர் நாற்காலியில் அமர்ந்து பாடினார். பின்னால் டிரம் வாசித்தவர் அவர் மகன். தந்தை தம் இடத்தை இழந்ததாக அதனைக் கொள்ளுதல் ஆகாது. தம் இடத்தில் அமர்வதற்கு ஒருவர் இருப்பதைக் காணும் பேறு அது.

எம் தறிக்கூடத்து அண்ணனுக்கு இப்போது அறுபத்தொரு வயது. எம்மினும் அதிக ஆண்டுகள் தறியில் நின்றமையால் இரு செவியும் ஏறத்தாழ அடைத்துவிட்டன. சென்ற திங்கள் அவரைக் காணச் சென்றபோது எம் மகனும் உடன் வந்தான். ஒலிபெருக்கிப் பெட்டியை மேசை மீது வைத்துப் பழைய ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றை ஒலிக்கச் செய்தோம். அண்ணன் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தார். சார்லி வாட்ஸ் 2021-இல் மறைந்துவிட்டார்; அவர் தட்டிய தாளம் அண்ணனுடைய கையில் ஏறிற்று. தலையசைத்துச் சிரித்தார். பாட்டு முடிந்ததும் மகனைச் சுட்டி, தறிக்கூடத்தில் பேசியது போலவே ஓசையின்றி உதட்டை அசைத்து, "உன்னுடையதைப் போடு" என்றார்.

மகன் போட்டான். அண்ணன் கையை எடுக்கவில்லை.